மூன்று லோடு

மணக்குடிப் பொழிக்கு மேற்கே
கடலரிப்புத் தடுப்புச்சுவர், நானூற்றுப் பத்து மீட்டர்.
கல் ஏற்றி வரும் லாரிகளை எண்ணுவது என் வேலை.
நாள்கூலி ஐந்நூறு. ஒரு குயர் நோட்டு அவர்கள் தந்தது.
பேனா என் செலவு.

நிழல் என்று அங்கே இருந்தது ஒன்றுதான்:
ஆள் உயரத்துக்கு எழும்பாமல்
காற்றுக்கு முதுகு காட்டி
தன்னைத் தானே பின்னிக்கொண்ட ஒரு புதர்.
உகா என்று புத்தகத்தில் எழுதுவார்களாம்,
எங்கள் துறையில் அது கடுகுப்பழம்.
இலையை நக்கினால் உப்பு.
பழத்தைக் கடித்தால் முதலில் இனிப்பு,
விழுங்கிய பிறகு
மூக்குத்தண்டில் ஒரு சுள்.

பங்குனியில் சிவந்தது.
ஒரே நாளில் இல்லை.
முதலில் வெள்ளை, அப்புறம் வெளிறிய ரோஸ், அப்புறம்
காது குத்திய பிள்ளையின் மடலில்
விழாமல் நிற்கும் ஒரு சொட்டு மாதிரி
உள்ளே வெளிச்சம் தெரிகிற சிவப்பு.

கொண்டைக்குருவிகள் வந்து தின்றன,
இறக்கிப் போட்ட கற்களின் மேல் உட்கார்ந்து
சண்டை போட்டன, எச்சமிட்டன.
குளச்சலிலிருந்து அசனார் மொபெட்டில் வந்தார்,
பல் துலக்க வேர்க்குச்சி வெட்ட.
ஒரு வேருக்கு மேல் தொடவில்லை.
"அடுத்த வேரு அதுக்க. எனக்குள்ளது இல்ல."

அந்த வியாழக்கிழமை
இருபதாவது லாரியோடு பேனா தீர்ந்தது.
உதறினேன், ஊதினேன், நாக்கில் தொட்டுக் கிறுக்கினேன்.
கடைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர்.
போய்த் திரும்புவதற்குள் சொரிமுத்து
கல்லைக் கவிழ்த்துவிட்டுப் போயே இருப்பான்.
கையெட்டும் தூரத்தில் பழம்.
கிள்ளினேன், விரல் நுனியில் நசுக்கினேன்,
வண்டிக்கு ஒரு பொட்டு.
நோட்டு திடீரென்று
மஞ்சள்நீராட்டு அழைப்பிதழ் போல ஆகிவிட்டது.
எனக்கே வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் சூப்பர்வைசர் ஏசுராஜன்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி நோட்டை விரித்தார்.
நீலக்கோடு இருபது.
சிவப்புப் பொட்டு ஆறு இருந்திருக்க வேண்டும்.
எறும்புகள் மூன்றை முழுசாக முடித்திருந்தன,
தாளைச் சுரண்டி, ஈரம்கூட விடாமல்.
நாலாவதின் விளிம்பில் வரிசை நின்றது.

"இருபத்து மூணு."
"இருபத்தாறு சார்."
"பாக்கி மூணு லோடு கல்லு? எறும்பு தின்னுட்டா?"
"ஆமா சார்."

எல்லோரும் சிரித்தார்கள்.
சொரிமுத்து மட்டும் சிரிக்கவில்லை;
தின்னப்பட்டதில் இரண்டு அவன் நடை.
மூன்று லோடு கல் கண்ணெதிரே கிடந்தது,
யானைக்கன்று பருமனில் ஒவ்வொன்றும்.
ஆனாலும் கல்லைப் பார்த்துக் காசு தருவதில்லை யாரும்,
தாளைப் பார்த்துத்தான்.
என் கூலியில் அவனுக்கு இருநூறு கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டான். வேண்டாம் என்று சொல்வான் என
நினைத்திருந்தேன்.

மறுநாள் மூன்று பேனா வாங்கினேன்.
அதற்கடுத்த வாரம் அளவுக்கயிறு
புதரின் நடுவே போனது.
ஜேசிபிக்கு அது அரை நிமிடம்.
பழம் உருண்ட மணலை
டயர் மிதித்து அரைத்ததில்
கொஞ்ச நேரம் சக்கரத் தடம் சிவந்து கிடந்தது,
பிறகு சாதாரண மணல்.
நான் வெயிலில் நின்று எண்ணினேன்.

சுவர் முடிந்து இரண்டு ஆடி போயிற்று.
அலை ஏறி அடித்ததில் நாலைந்து கல் சரிந்திருக்கிறது என்று
பார்க்கப் போனேன்.
இரண்டு பாறை உரசும் இடுக்கில்,
நண்டு போக மட்டும் வழி இருக்கிற இடத்தில்,
ஒரு விரல் உயரம். ஆறு இலை.
குனிந்து ஒன்றின் நுனியை நக்கினேன்.
உப்பு.

எந்தக் கல் எந்த வண்டியில் வந்தது
யாருக்குத் தெரியும்?
நானாக முடிவு செய்துகொண்டேன்.

படம் எடுத்து ஏசுராஜனுக்கு வாட்சப்பில் அனுப்பினேன்.
"என்ன செடி இது?" என்று கேட்டிருந்தார்.

"இருபத்து நாலு" என்று
பதில் போட்டேன்.